சிறு பணத்தில் நல்லிசை: காருக்கு ஸ்பீக்கர் தேர்ந்தெடுப்பது எப்படி?

‘விரலுக்குத் தகுந்த வீக்கம்’ என்பது நம் முன்னோர் வாக்கு. கையில் உள்ள பணத்துக்கு மேல் ஆசைப்படலாகாது என்று அறிவுறுத்தவே அதைச் சொல்வார்கள். ஆயினும், விரல் சிறிதானாலும் அதைத் தந்தியில் எங்கே வைப்பது என்று அறிந்தவனுக்கு வீணை பேசத்தான் செய்யும். காரில் பாட்டுக் கேட்கும் விஷயமும் அத்தகையதே. பணம் குறைவாக இருக்கலாம். அதை எங்கே வைப்பது என்று தெரிந்தால் போதும்.

தில்லியில் படிக்கும் நம் சங்கத்து நண்பர்களில் சிலர், குறிப்பாக ஆராய்ச்சி மாணவர்கள், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து பழைய கார் வாங்கி ஓட்டுகிறார்கள். வண்டி கைக்கு வந்த மறுவாரமே அவர்களுக்கு ஒரு குறை தோன்றிவிடுகிறது: “பாட்டு நன்றாக இல்லையே!” ஊரைவிட்டு 2,000 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவனுக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கன்று. ஆகவே இந்தக் குறையை அற்பமானது என்று நான் ஒதுக்கமாட்டேன். நான் மின்னணுவியல் படிப்பவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். வந்தவுடன் கேட்கும் கேள்விகள் இரண்டு: “எந்தக் கம்பெனி வாங்கலாம்? எத்தனை வாட் வாங்கலாம்?”

இவ்விரண்டையும் கடைசியில் கேட்டுக்கொள்ளலாம். முதலில் கேட்க வேண்டியவை வேறு. “என் காரின் ஸ்டீரியோ உண்மையில் எவ்வளவு மின்திறன் தருகிறது? அந்தச் சிறு திறனில் நன்றாகப் பாடக்கூடிய ஸ்பீக்கர் எது? அதைத் தாங்கி நிற்கும் கதவு எப்படி இருக்கிறது?” இவற்றைக் கேட்பவன் 10,000 ரூபாயில் பெறும் இசையை, கேளாதவன் 30,000 ரூபாய் கொடுத்தும் பெறமாட்டான். இது எவ்வாறு என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கம்போனென்ட் ஸ்பீக்கர் என்பது யாது?

ஸ்பீக்கரைத் தமிழில் ஒலிபெருக்கி என்கிறோம். ஆனால் கடையில் ஸ்பீக்கர் என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள்; நானும் அவ்வாறே சொல்கிறேன். அதன் அமைப்பு எளியது. ஒரு கூம்பு, கூம்பின் அடியில் ஒரு கம்பிச்சுருள், சுருளைச் சுற்றி ஒரு காந்தம். பாட்டின் மின்னோட்டம் சுருளில் பாயும்போது அது காந்தத்தின் நடுவே முன்னும் பின்னும் அசைகிறது; கூம்பு காற்றைத் தள்ளுகிறது; நமக்கு ஒலி கேட்கிறது. அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் 1925ஆம் ஆண்டு இவ்வமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூறு ஆண்டுகள் ஆகியும் அடிப்படை மாறவில்லை.

மனிதச் செவி 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கனத்த நாதமும், ஜாலராவின் கிண்ணென்ற ஓசையும் இந்த எல்லைக்குள் அடங்கும். கனத்த நாதத்துக்கு அகன்ற கூம்பு வேண்டும். மெல்லிய ஓசைக்கு விரைந்து அதிரும் சிறு கூம்பு வேண்டும். ஒரே கூம்பு இரண்டையும் நன்றாகச் செய்யாது. ஆகையால் வேலையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள். கீழ்ச் சுருதிகளை வூஃபரும், மேல் சுருதிகளை ட்வீட்டரும் ஏற்கின்றன. எது யாருக்கு என்று பங்கிட்டு அனுப்பும் சிறு பெட்டிக்குக் கிராஸ்ஓவர் என்று பெயர். பெரும்பாலான செட்டுகளில் 3,000 அல்லது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டி இந்தப் பங்கீடு நடக்கிறது.

வூஃபரின் நடுவிலேயே ட்வீட்டரை ஏற்றி ஒரே பொருளாக விற்றால் அது கோஆக்ஸியல். வூஃபர், ட்வீட்டர், கிராஸ்ஓவர் ஆகிய மூன்றையும் தனித்தனியே தந்தால் அது கம்போனென்ட் செட்.

பிரித்து வைப்பதில் என்ன லாபம்?

காரின் கதவில் ஸ்பீக்கர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: நம் கணுக்காலுக்கு அருகில். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.43 மீட்டர். இவ்வளவு நீண்ட அலை, காலையும் இருக்கையையும் சுற்றி வளைந்து வந்துவிடும். ஆனால் 5,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. அது நம் முழங்காலில் முட்டி நின்றுவிடும்; இருக்கையின் துணி அதை விழுங்கிவிடும்.

அன்றியும், அலைநீளம் கூம்பின் அகலத்தைவிடக் குறையும்போது ஒலி நாற்புறமும் பரவாமல் டார்ச் வெளிச்சம்போல் நேரே பாயத் தொடங்குகிறது. 6.5 அங்குல ஸ்பீக்கரின் கூம்பு ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் அகலம். 2,600 ஹெர்ட்ஸ் அளவிலேயே அதன் ஒலி குவியத் தொடங்கிவிடும். கதவில் இருக்கும் கூம்போ எதிர்க் கதவை நோக்கியிருக்கிறது. நம் காதை நோக்கியன்று. மெய்யெழுத்துகளின் தெளிவு மேல் சுருதிகளில்தான் இருக்கிறது. அவை நம்மை வந்தடையாவிட்டால், பாடகர் ‘பழம்’ என்று பாடுகிறாரா ‘பலம்’ என்று பாடுகிறாரா என்பது விளங்காது.

கம்போனென்ட் செட்டில் ட்வீட்டரைச் சைடு மிரரின் உட்புறத்து முக்கோணப் பிளாஸ்டிக்கிலோ, டேஷ்போர்டின் மூலையிலோ மேலே வைக்கலாம். உடனே பாடகர் காலடியிலிருந்து எழுந்து கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாற்போல் தோன்றும். கம்போனென்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் முழுவதும் இந்த ஒன்றுக்காகத்தான். ஆகவே ட்வீட்டரை மேலே வைக்க இடமில்லை, கம்பி இழுக்க மனமில்லை என்றால் கம்போனென்ட் வாங்கவே வேண்டாம். வூஃபருக்குப் பக்கத்திலேயே கீழே ட்வீட்டரைத் திருகிவிடுவதானால், நல்ல கோஆக்ஸியல் ஒன்று வாங்கி மீதிப் பணத்தைக் கதவுக்குச் செலவிடுவதே அறிவுடைமை.

வாட் என்னும் மாயை

ஒரு நண்பருக்குத் துணையாகக் கரோல்பாக் கடைத்தெருவுக்குச் சென்றிருந்தேன். கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, “400 வாட், பாயி சாப்!” என்றார். நண்பரின் முகம் மலர்ந்தது. “தொடர்ந்து எத்தனை வாட் தாங்கும்?” என்று கேட்டேன். பெட்டியைத் திருப்பிப் பார்த்தோம். சிறிய எழுத்தில் 50 வாட் என்று இருந்தது.

அந்த 400 என்பது பொய்யன்று. ஆனால் நமக்குப் பயன்படும் மெய்யுமன்று. ஒரு கணப்பொழுது வந்து மறையும் வீச்சைத் தாங்கும் எல்லையை அது குறிக்கிறது. ஆர்.எம்.எஸ். என்று குறித்திருக்கும் எண்ணே தொடர்ந்து தாங்கும் அளவு. அதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. ஸ்பீக்கரின் வாட், அது தாங்கும் திறனே தவிர, தரும் திறன் அன்று. பெரிய குடம் வாங்கினால் கிணற்றில் நீர் கூடிவிடுமா?

கிணற்றில் எவ்வளவு நீர் என்று பார்ப்போம். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை இருக்கும். சாதாரண ஸ்டீரியோவின் உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபயர் சில்லு அதற்கு மேல் தர இயலாது. ஸ்பீக்கரின் தடை பொதுவாக 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் ஏறத்தாழ 52 வருகிறது. ஸ்டீரியோவின் முகப்பில் காணும் ‘50 வாட் × 4’ என்பதன் பிறப்பிடம் இதுவே! ஆனால் மின்னழுத்தம் ஒரு கணமும் தணியாமல் உச்சியிலேயே நின்றால்தான் இந்த 50 கிடைக்கும். அப்போது வருவது இசையாக இராது, இரைச்சலாக இருக்கும். ஏறி இறங்கும் இயல்பான அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட். சில்லினுள் ஏற்படும் இழப்பையும் கழித்தால், ஒலி சிதையாமல் கிடைப்பது 20 வாட் அளவே.

மனம் தளர வேண்டா. மூடிய காருக்குள் 20 வாட் என்பது சிறிய திறன் அன்று. அதை வீணாக்காத ஸ்பீக்கரைத் தேடுவதுதான் நம் வேலை.

பார்க்க வேண்டிய எண்: உணர்திறன்

ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்து, 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் ஒலி எழுகிறது என்று அளப்பார்கள். இதுவே உணர்திறன், பெட்டியில் சென்ஸிடிவிட்டி என்று போட்டிருக்கும். 3 டெசிபல் கூட வேண்டுமானால் மின்திறனை இரட்டிப்பாக்க வேண்டும். 92 டெசிபல் ஸ்பீக்கரில் 20 வாட் எழுப்பும் ஒலியை, 86 டெசிபல் ஸ்பீக்கரில் எழுப்ப 80 வாட் வேண்டும். நம் ஸ்டீரியோவிடம் 80 வாட் ஏது? தனி ஆம்ப்ளிஃபயருக்கென்றே செய்யப்பட்ட விலையுயர்ந்த ஸ்பீக்கரை வாங்கி வெறும் ஸ்டீரியோவில் மாட்டினால், பழைய ஸ்பீக்கரே மேல் என்று தோன்றுவதற்கு இதுவே காரணம். தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாதவர்கள் 90 டெசிபலுக்குக் குறையாத ஸ்பீக்கரைத் தேடுங்கள்.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. சில கம்பெனிகள் 1 வாட்டுக்குப் பதில் 2.83 வோல்ட் கொடுத்து அளக்கின்றன. 8 ஓம் ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் என்பது 1 வாட். 4 ஓம் ஸ்பீக்கரிலோ அது 2 வாட். ஆகவே அதே ஸ்பீக்கர் 3 டெசிபல் கூடுதலாகக் காட்சி தரும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடும்போது அளவு எந்த முறையில் எடுக்கப்பட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கதவும் ஓர் இசைக்கருவியே

வீணைக்குக் குடம் எதற்கு? மிருதங்கத்துக்குக் கட்டை எதற்கு? தந்தியும் தோலும் மட்டும் இசையைத் தருவதில்லை. காரில் ஸ்பீக்கருக்குக் கதவுதான் குடம். ஆனால் அது தகரமும் ஓட்டைகளுமான குடம்.

கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன்னால் எழும் அலையும் பின்னால் எழும் அலையும் நேரெதிரானவை. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். கீழ்ச் சுருதிகளே முதலில் அழியும். கதவின் உட்தகட்டில் பழுதுபார்ப்பதற்கென்று விடப்பட்ட பெரிய துளைகள் இருக்கின்றன. அவற்றை மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றே மூடியிருக்கும். பின்னலை அத்துளைகளின் வழியே வந்து முன்னலையைத் தின்றுவிடுகிறது. எஞ்சியதையும் அதிரும் தகரம் கெடுத்துவிடுகிறது.

இதை நம்பாதவர்களுக்காக ஒரு நண்பரின் காரில் சோதனை செய்து பார்த்தோம். இரண்டு கதவுகளிலும் ஒரே ஜோடி ஸ்பீக்கர். வலக்கதவின் துளைகளை மட்டும் அடைத்து, தகட்டில் அதிர்வு தாங்கும் தகடு ஒட்டினோம். இடக்கதவை அப்படியே விட்டுவிட்டோம். பிறகு ஒரு தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டு, பாலன்ஸை இடமும் வலமுமாக மாற்றிக் கேட்டோம். இடப்பக்கம் மிருதங்கத்தின் வலந்தலை மட்டும் ‘டக் டக்’ என்று கேட்டது. வலப்பக்கம் தொப்பியின் நாதம் உருண்டு எழுந்தது. ஸ்பீக்கரும் ஸ்டீரியோவும் பாட்டும் ஒன்றே. கதவு ஒன்றுதான் வேறு. மறுநாள் காலையில் நண்பர் இடக்கதவையும் கழற்றிவிட்டார்.

இதற்கு வேண்டிய பொருள் கடையில் டேம்பிங் ஷீட் என்று கிடைக்கும். ஒருபுறம் அலுமினியத் தாள், மறுபுறம் ஒட்டும் தன்மையுள்ள பியூட்டைல் ரப்பர். தார் கலந்த மலிவுச் சரக்கை வாங்காதீர்கள். தில்லியின் மே மாத வெயிலில் அது இளகி நாறும். வெளித்தகடு முழுவதும் ஒட்ட வேண்டுவதில்லை. ஸ்பீக்கருக்கு நேர் பின்னாலும், தட்டினால் ‘டம்’ என்று அதிரும் இடங்களிலும் ஒட்டினால் போதும். பெரிய துளைகளை அலுமினியத் தகடோ கெட்டிப் பிளாஸ்டிக்கோ வைத்து மூடி, அதன்மேல் ஷீட்டை ஒட்ட வேண்டும்.

மூன்று எச்சரிக்கைகள். கதவின் அடியில் மழைநீர் வடியும் சிறு துளைகள் உண்டு. அவற்றை ஒருபோதும் அடைக்கலாகாது, அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். கண்ணாடி ஏறி இறங்கும் வழியில் எதுவும் இடிக்கக்கூடாது. புதிய கார்கள் சிலவற்றில் பக்கவாட்டு மோதலை உணர்ந்து காற்றுப்பையை இயக்கும் உணரி கதவினுள்ளேயே இருக்கும். அத்தகைய கதவை, கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரியாமல் தொடாதீர்கள்.

பணத்தைப் பங்கிடும் முறை

கையில் 10,000 ரூபாய் இருப்பதாகக் கொள்வோம். நான் நண்பர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: முன்கதவுகளுக்குரிய கம்போனென்ட் செட்டுக்கு 5,500, இரண்டு கதவுகளின் ஷீட்டுக்கு 2,000, ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம், கம்பி, கப்ளர் ஆகியவற்றுக்கு 1,000, பொருத்தும் கூலிக்கு 1,500. விலை இடத்துக்கு இடம் மாறலாம். விகிதத்தை மட்டும் மாற்றாதீர்கள். பணம் முழுவதையும் ஸ்பீக்கரிலேயே போட்டுவிட்டு ஓட்டைக் கதவில் மாட்டுவது, பட்டுப்புடவையை முள்வேலியில் காயப்போடுவதற்கு ஒப்பாகும்.

பின்கதவுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டா. கச்சேரி கேட்பவன் மேடைக்கு முதுகைக் காட்டி உட்காருவதில்லை. பழைய ஸ்பீக்கர்களே பின்னால் மெல்லப் பாடிக்கொண்டிருக்கட்டும்.

டிக்கியில் வைக்கும் சப்வூஃபரும் இப்போதைக்கு வேண்டா. 6.5 அங்குல வூஃபர் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்லக் கைவிட்டுவிடும் என்பது உண்மையே. பேஸ் கிதாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆனால் ஒரு தந்தி அதிரும்போது 82, 123 என்று அதன் மடங்குகளும் உடன் எழுகின்றன. அம்மடங்குகள் தெளிவாகக் கேட்டால், கேளாத அடிச்சுருதியை நம் மூளையே நிரப்பிக்கொள்கிறது. பழைய திரைப்பாடல்களின் பேஸ் கிதார் நடையை நன்கு அடைக்கப்பட்ட ஒரு கதவே ரசிக்கும்படி தரும். பிற்காலத்தில் பணம் சேர்ந்தால் முதலில் சிறிய ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்குங்கள். அப்போது அதன் மின்கம்பியில் பேட்டரிக்கு மிக அருகே ஃபியூஸ் போடுவதை மறவாதீர்கள். ஃபியூஸ் இல்லாத கம்பி உராய்ந்து தகட்டில் பட்டால் வண்டியே தீப்பற்றும்.

கடைக்குச் செல்லுமுன்னும் சென்ற பின்னும்

முதலில் கதவின் உறையைக் கழற்றி அளவெடுங்கள். 6.5 அங்குலம், 5.25 அங்குலம் என்பன பெயரளவே. துளையின் விட்டமும் திருகுகளின் இடமும் வண்டிக்கு வண்டி மாறும். கண்ணாடியை முழுவதும் இறக்கிவிட்டு, துளையிலிருந்து கண்ணாடி வரை எவ்வளவு ஆழம் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காந்தத்தின் உயரம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். சற்று மிகுந்தால் வளையம் வைத்து முன்னே தள்ளலாம். அந்த வளையம் பிளாஸ்டிக்காக இருத்தல் நலம். அமுக்கிய மரத்தூள் பலகை மழைக்காலத்தில் ஊதிப்போகும்.

கடையில் கூம்பின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ரப்பர் விளிம்பு வெகுநாள் உழைக்கும்; பஞ்சு விளிம்பு வெப்பத்திலும் ஈரத்திலும் உதிர்ந்துபோகும். கதவுக்குள் ஈரம் புகும் ஆதலால் பாலிப்ராப்பிலீன் கூம்போ, நீர் ஏறாதபடி பூச்சுப் பூசிய காகிதக் கூம்போ நல்லது. ட்வீட்டரில் பட்டுத்துணிக் குமிழ் மென்மையாகப் பாடும். உலோகக் குமிழ் பளிச்சென்று பாடும். நாகசுரமும் வயலினும் விரும்பிக் கேட்பவர்கள் பட்டையே விரும்புவார்கள் என்பது என் எண்ணம்.

கிராஸ்ஓவரையும் பாருங்கள். மலிவான செட்டுகளில் ட்வீட்டரின் கம்பியில் கோத்த ஒரே ஒரு கெப்பாசிட்டரைக் காட்டி அதுதான் கிராஸ்ஓவர் என்பார்கள். அது ஒரு எட்டுக்கு, அதாவது அதிர்வெண் இரட்டிப்பாகும் ஒவ்வோர் அடிக்கும், 6 டெசிபல் வீதம்தான் வடிகட்டும். சுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்த பெட்டி 12 டெசிபல் வடிகட்டும்; ட்வீட்டருக்குப் பாதுகாப்பு அதிகம். ட்வீட்டரின் ஓசையைக் கூட்டிக் குறைக்கும் வசதி அந்தப் பெட்டியில் இருந்தால் இன்னும் நல்லது. கண்ணாடியில் பட்டு எதிரொலிக்கும் காருக்குள் அது கைகொடுக்கும்.

கேட்டுப் பார்க்கும்போது கடைக்காரர் போடும் பாட்டை ஏற்காதீர்கள். அது அவருடைய ஸ்பீக்கருக்கென்று தேர்ந்த பாட்டு. நீங்கள் நூறு முறை கேட்டு மனப்பாடமான பாட்டைக் கொண்டுசெல்லுங்கள். என் தேர்வு முறை எளிது. ஒரு பெண்குரல்: சொற்கள் விளங்குகின்றனவா, ‘ச’ என்னும் ஓசை சீறுகிறதா என்று பார்ப்பேன். ஒரு மிருதங்கத் தனி: தொப்பியும் வலந்தலையும் ஒரே வாத்தியமாகச் சேர்ந்து ஒலிக்கின்றனவா? பின்னணியில் தம்புரா மீட்டும் ஒரு கச்சேரி: குரல் எழும்போதும் தம்புரா மறையாமல் இருக்கிறதா? இம்மூன்றிலும் தேறிய ஸ்பீக்கர் எதிலும் தேறும். சற்று உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கர் எப்போதும் இனிமையாகத் தோன்றும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டையும் ஒரே உரப்பில் வைத்தே ஒப்பிட வேண்டும்.

கம்பெனி பற்றிய கேள்வியை இப்போது கேட்கலாம். சோனி, பயனியர், ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி எனப் பல பெயர்கள் உண்டு. இவற்றில் பின்னிரண்டும் ஹார்மன் என்னும் ஒரே குடும்பத்தவை. அக்குடும்பத்தையே 2017ஆம் ஆண்டு சாம்சங் விலைக்கு வாங்கிவிட்டது. ஆகவே பெயரைவிட, மேலே சொன்ன குறிப்புகளைப் பார்த்து வாங்குவதே மேல். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பில் இல்லாத உத்தரவாதச் சீட்டு வெறுங்காகிதம்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

வண்டியின் பழைய கம்பியை அறுக்கவிடாதீர்கள். உங்கள் வண்டிக்குரிய கப்ளரைக் கேட்டு வாங்கினால் கம்பி அறுபடாமல் மாட்டலாம். வண்டியை விற்கும்போது பழைய ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் புதியதைக் கழற்றிக்கொள்ளலாம். 4 ஓமில் 20 வாட் என்றால் ஓடும் மின்னோட்டம் 2.2 ஆம்பியர் அளவே. அதற்கு விரல் பருமனுள்ள கம்பி எதற்கு? புதுக் கம்பி இழுக்க நேர்ந்தால் தாமிரக் கம்பியா என்று சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம்.

கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறினால் இடக்கூம்பு தள்ளும்போது வலக்கூம்பு இழுக்கும். கீழ்ச் சுருதி காணாமற்போகும். ஐயமிருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றை வூஃபரில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூட்டல் முனையைக் கூட்டல் முனையில் தொட்டால் கூம்பு வெளியே வரும். ட்வீட்டரை மட்டும் கிராஸ்ஓவர் இல்லாமல் எதிலும் நேரே இணைக்கலாகாது; எரிந்துவிடும். முன்தூணின் உறையில் காற்றுப்பை என்று பொறித்திருந்தால் அங்கே ட்வீட்டரைத் திருக வேண்டா. விபத்தின்போது அது முகத்தை நோக்கிப் பறந்து வரக்கூடும்.

ஸ்டீரியோவில் ஹை பாஸ் ஃபில்டர் இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கூம்பால் ஆகாத வேலையிலிருந்து அதற்கு விடுதலை கிடைக்கும், குரல் தெளியும். சில ஸ்டீரியோக்களில் ஒலியைத் தாமதப்படுத்தும் வசதியும் உண்டு. நம் நாட்டில் ஓட்டுநர் வலப்பக்கம் அமர்வதால் வலது ஸ்பீக்கர் அவருக்கு அருகில் இருக்கும். அதன் ஒலி முந்தி வரும். 34 சென்டிமீட்டர் தூர வேறுபாட்டுக்கு 1 மில்லி நொடி என்ற கணக்கில் வலப்பக்கத்தைத் தாமதப்படுத்தினால் பாடகர் நடுவில் வந்து நிற்பார். இதற்குக் காசு செலவில்லை.

செவிக்கு ஒரு சொல்

இவ்வளவும் செய்தபின் ஒலியை மிகக் கூட்டிவிடாதீர்கள். 20 வாட் ஸ்டீரியோவை எல்லை மீறி முடுக்கினால் அலையின் உச்சி மழுங்கிச் சிதையும். அந்தச் சிதைவு ட்வீட்டரை எரித்துவிடும். ட்வீட்டர் போனால் வேறு வாங்கலாம். செவி போனால்? 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது அமெரிக்கத் தொழில் நலத்துறை ஆய்வு நிறுவனம் வகுத்த வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடுந்தோறும் நேரம் பாதியாகும்: 88க்கு 4 மணி; 91க்கு 2 மணி; 94க்கு 1 மணி. ஆக்ராவுக்குப் போய்த் திரும்பும் ஒரு பயணத்திலேயே இந்தக் கணக்குத் தீர்ந்துவிடலாம். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஓசை உங்கள் பாட்டில் மூழ்கிவிடலாகாது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

நல்ல ஸ்பீக்கரின் இலக்கணமே குறைந்த உரப்பில் நிறைவாகப் பாடுவதுதான். மெல்ல வைத்தபோதும் தம்புரா கேட்கிறது, சொல் விளங்குகிறது, தொப்பி பேசுகிறது என்றால் உங்கள் 10,000 ரூபாய் சரியான இடத்தில் சேர்ந்தது என்று கொள்ளலாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் புறப்படுவதாயிருந்தால், அதற்கு முன் சனிக்கிழமையே கதவைக் கழற்றி அளவெடுத்துவிடுங்கள்.